சோடா லேக்கின் ஒற்றை ஓட்டு

1986ஆம் ஆண்டு சோடா லேக் வாக்குச்சாவடியில் இருபத்துமூன்று பேருக்கு ஓட்டு இருந்தது. வாஷிங்டன் நாடாளுமன்ற இருக்கைக்கு நடந்த தேர்தலில் இருபத்திரண்டு ஓட்டு ரிபப்ளிகன் ஆளுக்கும் ஓர் ஓட்டு டெமாக்ரட் ஆளுக்கும் விழுந்திருந்தது. அந்த ஒன்றைப் போட்டது யார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏரிக்கு வடக்கே ஆறு மைலில் தனியாக மாடு வளர்த்துக்கொண்டிருந்த ஆக்ஸல் ராஸ்முசன்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ட்வைலா கோவாரிக் ஒருத்திக்கு மட்டும் அது ஆக்ஸல் இல்லை என்று தெரியும். போட்டவளே அவள்தான்.

தொகுதி பெரியது. மாநிலத்தில் கிழக்கே இருக்கும் இரண்டு மூன்று நகரங்களை விட்டுவிட்டால் மிச்சம் எல்லாமே அதற்குள் அடங்கும். ஒரு முனையில் சோளமும் சோயாவும், மறுமுனையில் கோதுமை, நடுவில் புல் போர்த்திய மணற்குன்றுகள், அவற்றில் மாடுகள். காலையில் கிளம்பினால் கடைசி ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். வழியில் ஓரிடத்தில் நேர மண்டலம் மாறும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுவார்கள். ஒவ்வொரு முறையும் ஆள் குறைந்திருப்பார்கள். கணக்குச் சரியாக வர, தொகுதியின் கோட்டைக் கிழக்கே இழுத்து இன்னும் இரண்டு கவுண்டிகளை, அதாவது மாவட்டங்களைச் சேர்ப்பார்கள். இப்படி ஆள் குறையக் குறையத் தொகுதி வளர்ந்துகொண்டே போனது.

புழுதிப் புயலும் பட்டினியுமாக இருந்த முப்பதுகளில் இந்தச் சனங்கள் மூன்று நான்கு தேர்தல்கள் டெமாக்ரட் பக்கம் போனார்கள். அணை வந்தது, மின்கம்பி வந்தது. வந்த மின்சாரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு பழைய கட்சிக்கே திரும்பிவிட்டார்கள். ஜனாதிபதித் தேர்தல் என்றால் சோடா லேக்கிலும் கொஞ்சம் சிதறும். 1992இல் மூன்றாவதாக நின்றவருக்கு எட்டுப் பேர் போட்டார்கள், அதை யாரும் துருவவில்லை. வாஷிங்டன் இருக்கை விஷயம் அப்படியில்லை. அது சர்ச்சில் உட்காரும் பெஞ்சு மாதிரி. யார் எங்கே என்பது மாறாது. டெமாக்ரட் கட்சிக்கு நிற்க ஆளே கிடைக்காத ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் சோடா லேக்கின் முடிவில் ஒரு சீட்டு வெறுமையாக வந்திருக்கும்.

ஆக்ஸல் மேல் பழி விழுந்ததற்குக் காரணம் ஒரு பலகை. 1974இல் டெமாக்ரட் கட்சி ஒரு கால்நடை மருத்துவரை நிறுத்தியது. அவர் முன்னொரு வசந்தத்தில் நூறு மைல் வண்டி ஓட்டி வந்து, ஆக்ஸலின் கிடாரி ஒன்றின் வயிற்றில் திரும்பிக் கிடந்த கன்றை எடுத்துக் காப்பாற்றியவர். அந்த நன்றிக்காக ஆக்ஸல் அவர் பெயர் எழுதிய பலகையை வேலியில் கட்டினார். ஒரே வாரத்தில் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மருத்துவரும் தோற்றார். அத்தோடு ஆக்ஸல் பழைய கட்சிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஊர் அந்தப் பலகையை மறக்கவில்லை.

ட்வைலாவின் கதை வேறு. 1985 கடைசியில் சோடா லேக் தபால் நிலையத்தை மூடப்போவதாகச் சேதி வந்தது. அவள் ஓர் இரவு அல்ல, நான்கு நாள் உட்கார்ந்து, தொகுதியின் வாஷிங்டன் உறுப்பினருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். பனி விழுந்தால் பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போக முடியாது, கிழவர்களின் மருந்து தபாலில்தான் வருகிறது, எத்தனை வீட்டுக்கு எத்தனை மைல் என்றெல்லாம் எண்ணிக் கணக்காக எழுதிக் கையெழுத்திட்டாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. உறையில் அவள் கணவன் பெயர். ‘அன்புள்ள திரு. லேவர்ன் கோவாரிக், தங்கள் சிந்தனைமிக்க கடிதத்துக்கு நன்றி’ என்று தொடங்கி, ‘தங்கள் மனைவிக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்’ என்று முடிந்திருந்தது.

லேவர்னுக்குப் பெருமை பிடிபடவில்லை. மோசமான மனிதன் இல்லை அவன். உழைப்பாளி, சிரிப்பு முகம், குடிக்க மாட்டான். கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான். வருகிறவர்களிடமெல்லாம் வாஷிங்டனிலிருந்து தனக்குக் கடிதம் வந்ததாகச் சொன்னான். எழுதியது மனைவி என்பதை அவன் மறைக்கவில்லை, அது ஒரு விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. தபால் நிலையம் மே மாதம் மூடப்பட்டது. நவம்பரில் ட்வைலா திரை மறைவில் நின்று, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்கு நேரே பென்சிலால் கட்டத்தை நிரப்பினாள். ஒரு தடவைக் கோபம் என்றுதான் நினைத்தாள். இரண்டாண்டு கழித்தும் கை அதே கட்டத்துக்குப் போனது. பிறகு அது கோபமாக இல்லை, அவளுடைய ஓட்டாக ஆகிவிட்டது.

கவுண்டித் தலைநகரான ப்ரூயிட்டில் வாக்குகளை எண்ணி, சாவடி வாரியாகத் தாளில் அச்சிட்டு நீதிமன்றக் கதவில் ஒட்டுவார்கள். மறுநாள் நெட்டியின் உணவுக்கடையில் ஆக்ஸல் நுழையும்போது அந்தத் தாள் அவருக்கு முன்பே அங்கே வந்திருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரன் ராய்ஸ் டிட்மார் தொடங்கிவைப்பான். உங்கள் கட்சியின் மாநாட்டை எங்கே நடத்தப்போகிறீர்கள், டெலிபோன் பூத்திலா என்பான். லேவர்னும் சேர்ந்துகொள்வான். ஆக்ஸல் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். முட்டையில் மிளகுத்தூளைத் தூவிக்கொண்டு, எண்ணினவன் சரியாக எண்ணினானா என்று மட்டும் கேட்பார். லேவர்ன் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிக்கும்போது ட்வைலா உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருப்பாள்.

கேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1997இல் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஓர் இடம் காலியானது. தீவனம், டீசல், வேலிக்கம்பி எல்லாம் அந்தச் சங்கம் மூலம்தான். சோடா லேக்கில் அதற்கு ஒரு கிளைக் கடை இருந்தது. அதை மூடிவிடும் பேச்சு அடிபட்டது. மூடக் கூடாது என்று ஆக்ஸல் அந்த இடத்துக்கு நின்றார். எதிர்த்து லேவர்ன் நின்றான். டெமாக்ரட்காரன் கையிலா டீசல் டேங்கைக் கொடுப்பது என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லேவர்ன் அதைச் சொல்லவில்லை, ஆனால் அவனும் சிரித்தான். அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தேழு என்று ஆக்ஸல் தோற்றார். இரண்டாண்டில் கிளைக் கடை மூடப்பட்டது.

தோற்ற வாரத்தில் ட்வைலா தனியாகப் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஆக்ஸலின் பண்ணைக்குப் போனாள். அவர் காற்றாலை மேல் நின்று எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கீழே தண்ணீர்த் தொட்டியருகே நின்றபடியே சொன்னாள்.

“ஆக்ஸல், அந்த ஓட்டு உங்களோடது இல்ல. நான் போடறது.”

“தெரியும்” என்றார் மேலிருந்து. பிறகு மெதுவாக ஏணியில் இறங்கி வந்து, ஸ்பானரைக் கால்சட்டையில் துடைத்தார்.

“எப்படித் தெரியும்?”

“நான் போடலைன்னு எனக்குத் தெரியுமே. மிச்சம் இருக்கறது இருபத்திரண்டு பேரு. குளிர்காலத்துல எனக்கு வேற என்ன வேலை? ஒவ்வொருத்தரா கழிச்சுக் கழிச்சுப் பாத்தேன். நீதான் மிஞ்சின.”

“அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லி? நெட்டி கடையில நான் பத்து வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து தின்னுட்டு எந்திரிச்சு வந்தவன். இப்ப உள்ள நுழைஞ்சா நாலு பேரு நாற்காலிய இழுத்துப் போடறாங்க, என்னோட சண்டை பிடிக்க. எனக்கு அது பிடிச்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சங்கத்துல தோத்தது வலிச்சுது. அத வலிக்கலைன்னு உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.”

லேவர்னிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். இப்போது சொன்னால் அவன் பதவியும் கசந்துபோகும், தன் நாற்காலியும் போய்விடும், விடு என்றார். அந்த ‘விடு’ அவளுக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது. அதைப் பதினோரு ஆண்டு இறுகப் பிடித்துக்கொண்டாள். அது சௌகரியம்தான், நியாயம் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

2008 ஏப்ரலில், மாடுகள் கன்று ஈனும் பருவத்தில், ஆக்ஸல் மாரடைப்பில் இறந்தார். எழுபத்தேழு வயது. இரண்டு நாள் கழித்து, தீவனம் கிடைக்காத மாடுகளின் கத்தலைக் கேட்டு எட்டிப்பார்த்த ராய்ஸ்தான் கண்டுபிடித்தான். அடக்கம் முடிந்ததும் லுத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். பேசுவதற்கு உறவுக்காரர்கள் அதிகம் இல்லை. ராய்ஸ் எழுந்து, இனிமேல் சோடா லேக் தாள் சுத்தமாக இருக்கும் என்றான். சொல்லிவிட்டு அவனே மூக்கைச் சிந்திக்கொண்டான். ட்வைலா காபிக் கெண்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கோப்பை நிரம்பியது தெரியாமல் அவள் ஊற்றிக்கொண்டே இருக்க, யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அந்த நவம்பரில் பட்டியலில் பத்தொன்பது பேர். தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைதான் வாக்குச்சாவடி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டார்கள். ட்வைலா பல ஆண்டுகளாகவே மேசையில் பெயர் பார்க்கும் மூவரில் ஒருத்தி. ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகத் தன் ஓட்டைப் போட மறைப்புக்குள் போனாள். மாற்றிப் போட்டால் தாள் பத்தொன்பது, சைபர் என்று வரும். ஆக்ஸல் செத்ததோடு அந்த ஓட்டும் செத்தது என்று எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். மாற்றாமல் போட்டால், இருபத்திரண்டாண்டு ஒரு மனிதனைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியவரும், அடுத்து யார் என்று தேடுவார்கள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையிலிருந்து ஒருத்தி, சீட்டில் ஏதாவது அச்சுப் பிழையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு வழக்கமான கட்டத்தை நிரப்பினாள்.

லேவர்ன் ஒன்பது மணிக்கு வந்தான். எப்போதும் மறைப்புக்குள் போனதும் வெளியே வந்துவிடுகிறவன், அன்று நேரம் எடுத்துக்கொண்டான். முழங்கால் வலியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை மாடுகள் நக்கும் உப்புக்கட்டி வாங்க இருவரும் ப்ரூயிட்டுக்குப் போனார்கள். நீதிமன்றக் கதவு முன்னால் ஐந்தாறு பேர். ராய்ஸ் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு தாளோடு மூக்கு உரச நின்றிருந்தான். சோடா லேக்குக்கு நேரே பதினேழு, இரண்டு என்று இருந்தது. ரெண்டா என்று ராய்ஸ் கேட்டான். இவன் முகத்தை அவன் பார்த்தான், அவன் முகத்தை இவன் பார்த்தான். லேவர்ன் உப்புக்கட்டிகளை ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பிக்கப்பைப் பார்த்து நடந்தான்.

வீட்டுக்கு முப்பத்தொரு மைல். முதல் பத்து மைல் அவன் ரேடியோவைக்கூடப் போடவில்லை. மாடு தாண்டாமலிருக்க சாலையில் பதித்திருந்த கம்பிகள் மேல் வண்டி தடதடவென்று ஏறி இறங்கியபின் பேசினான்.

“அதுல ஒண்ணு என்னோடது.”

ட்வைலா அவன் பக்கம் திரும்பினாள்.

“ஆக்ஸலுக்காகப் போட்டேன்” என்றான். “இத்தன வருஷம் அந்த ஒண்ணப் பாத்தே பழகிட்டோம். சைபர்னு பாக்க மனசு வரல. அந்த ஆளு யாருன்னுகூட எனக்குத் தெரியாது. வெளிய சொல்லிடாத.”

“இன்னொண்ணு என்னோடது” என்றாள் அவள்.

அவன் சிரித்தான். நெடுநாள் கழித்து மனம்விட்டுச் சிரித்தான். “நீயும் அவருக்காகவா? பாரேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம.”

அவன் வழியைத் திறந்து கொடுத்துவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் இருவரும் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள், அந்தச் சிரிப்பு சாகும்வரை அவர்களுக்கு இருந்திருக்கும். வலது பக்கம் ஒரு காற்றாலை வந்து, பின்னால் போனது.

“இல்ல லேவர்ன். அது எனக்காகப் போட்டது. எண்பத்தாறுலேருந்து நான்தான் போடறேன். ஆக்ஸல் ஒரு தடவகூடப் போடல.”

அவன் வண்டியை ஓரங்கட்டினான். இன்ஜினை நிறுத்தவில்லை.

“ஏன்?”

“தபால் ஆபீஸுக்காக நான் எழுதின லெட்டருக்கு உன் பேருல பதில் வந்துச்சே.”

“அதுக்கா? அது நம்ம வீட்டுக்கு வந்த லெட்டர்தானே.”

“எழுதினது நான்.”

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தான். அவன் அடுத்துக் கேட்டதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

“அப்ப தொண்ணூத்தேழுல?”

“ஆமா.”

“நாலு ஓட்டு” என்றான். “நாலே ஓட்டுலதான ஜெயிச்சேன். உனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும். அவர்கிட்டப் போய்ச் சொன்னேன். விடுன்னாரு.”

“அவரு சொல்வாரு. நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்.”

அவன் வண்டியை மறுபடி சாலையில் ஏற்றினான்.

ஒன்பது நாள் லேவர்ன் மாட்டைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் தவிர எதுவும் பேசவில்லை. கத்தவில்லை, கதவை அறையவில்லை. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். பத்தாம் நாள், தட்டைக் கழுவிக்கொண்டே, தான் கோபப்படுவது ஓட்டுக்காக இல்லை, அது அவள் சொத்து, யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்றான். ஒரு மனிதனைத் தன் வாயால் இருபது வருஷம் கேலி பண்ணவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அதைத்தான் விழுங்க முடியவில்லை என்றான். தன்னாலும் அதை விழுங்க முடியவில்லை என்று ட்வைலா சொன்னாள். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

ஜனவரியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அப்போதும் நிர்வாகக் குழுவில் இருந்த லேவர்ன் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான். பேசிப் பழக்கமில்லாதவன், எழுதிக்கொண்டும் வரவில்லை.

“சோடா லேக் ஓட்டு ஆக்ஸலோடது இல்ல” என்றான். “அது என் வீட்டோடது. அவரு ஜெயிச்சிருக்க வேண்டிய எடத்துல நான் உக்காந்திருக்கேன். எந்திரிச்சுக்கறேன்.”

தலைவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. செத்துப்போனவருக்காக ராஜினாமா செய்ய விதியில் இடமிருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டினார். உட்கார் லேவர்ன் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. பின்வரிசையில் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்த ட்வைலாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, என்னோடதுதான் என்றாள். ராய்ஸின் முகம் சிவந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் வண்டியருகே வந்து, கிழவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று லேவர்னிடம் குறைபட்டுக்கொண்டான். காலியான இடத்துக்கு ப்ரூயிட்டுக்காரர் ஒருவர் வந்தார். மூடிய கடையை யாரும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கேலி ட்வைலா பக்கம் திரும்பியது, ஆனால் அவ்வளவாகச் சூடு பிடிக்கவில்லை. நெட்டி கடையில் ராய்ஸ் ஒன்றிரண்டு முறை உங்கள் கட்சி என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். ஒரு நாள் சர்ச் சமையலறையில் பாத்திரம் துடைக்கும்போது அவன் மனைவி, தனியாகப் போடுவதற்குப் பயமாக இல்லையா என்று தணிந்த குரலில் கேட்டாள். முதல் தடவை பயமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது என்றாள் ட்வைலா. 2010இல் சோடா லேக்கில் பதினைந்து, மூன்று என்று வந்தது. மூன்றாவது யாரென்று அவளும் கேட்கவில்லை, லேவர்னும் தன் ஓட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த ஆண்டே தலை எண்ணினார்கள். எதிர்பார்த்தபடியே ஆள் குறைந்திருந்தது. தொகுதியின் கோடு இன்னும் கொஞ்சம் கிழக்கே போனது. இங்கே கவுண்டி அலுவலகம் மூன்று சாவடிகளை ஒன்றாக்கி, வாக்குச்சீட்டைத் தபாலிலேயே அனுப்பிவிடுவதென்று முடிவுசெய்தது. கொட்டகையில் மேசை போடும் வேலை நின்றது. 2012 தேர்தலின் முடிவுத் தாளில் சோடா லேக் என்ற வரி வரவில்லை. மூன்றும் சேர்ந்த சாவடிக்கு நூற்று ஒன்று, ஒன்பது என்று போட்டிருந்தார்கள்.

அந்தத் தேர்தலுக்கு முன், அக்டோபரில், வாக்குச்சீட்டுடன் இரண்டு உறைகள் வந்தன, ஒன்று அவன் பெயருக்கு, ஒன்று அவள் பெயருக்கு. இருவரும் சமையலறை மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து சீட்டை நிரப்பினார்கள். லேவர்ன் பரீட்சை எழுதும் பையனைப் போல இடது கையை வளைத்துத் தன் சீட்டை மறைத்துக்கொண்டான். நான் எட்டிப் பார்க்கவில்லை என்றாள் ட்வைலா. எதற்கும் இருக்கட்டும் என்றான் அவன். ஒட்டி முடித்த இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் பார்க்கப் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.